ஏழாம் எண்ணில் ஓடிய கோடு

1

ஏழாம் படுக்கை தூங்குகிறார். மூன்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கழிவறைக்குப் போகப்போகிறார் போல, கோடு கொஞ்சம் குதிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு இன்றைக்கு மனசு சரியில்லை. கோபமா, பயமா? திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இயேசப்பா, அவர் எதற்கோ கலங்குகிறார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

இப்படித்தான் இந்தக் கதையை முதலில் தொடங்கினேன். பிறகு, ஒரு பெண்ணின் மனசுக்குள் கதவைத் தட்டாமல் நுழைவது சரியில்லை என்று தோன்றி அடித்துவிட்டேன். வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ‘அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது’ என்று ஒன்று. ‘ஒரு மருத்துவமனையின் இதயங்கள் எல்லாம் ஒரே சுவரில்’ என்று இன்னொன்று. அந்த வாக்கியம் தன் அழகைத் தானே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது, நகரவில்லை. கடைசியில் முதலில் அடித்ததையே எடுத்து வைத்திருக்கிறேன். தட்டாமல் நுழைந்ததற்கு அவள் என்னை மன்னிக்க வேண்டும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு எனக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு சில நாட்கள் மார்பில் ஒயர்களை ஒட்டி, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். ஒரு மதியம் தூக்கத்தில் புரண்டதில் ஒயர் ஒன்று கழன்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்தாள், போர்வையை விலக்கினாள், கழன்றதை எடுத்து மறுபடி ஒட்டினாள்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“மானிட்டர் ரூம்லேருந்து போன் வந்துச்சு. அங்க ஒரு அக்கா இருக்காங்க. பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

“என்னையா?”

“உங்களையும்தான்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று காலையிலிருந்து நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, என்னைக் கேட்பார் இல்லை என்று எனக்குள்ளேயே புலம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் புலம்பல் முழுவதும் இரண்டு மாடிக்கு மேலே ஒரு திரையில் மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய், வேறொன்று வந்தது. அது என்ன என்று ஒரு சொல்லில் சொல்லத் தெரிந்திருந்தால் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

சின்ன வயதில் ‘கடவுள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்’ என்று எனக்குச் சொல்லப்பட்டபோதெல்லாம் என் கையில் சர்க்கரை டப்பா இருந்தது. அதனால் அந்த வாக்கியத்தின் குரல் எனக்கு எப்போதும் அதட்டலாகவே கேட்டது. ஜெபம் பண்ணத் தெரியும், பாட்டுகள் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் முன் வரிசையில் உட்காரத் தெரியும். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் நான் எப்போதும் எதையோ பின்னால் மறைத்துக்கொண்டுதான் நின்றேன். குற்றம் கண்டுபிடிக்காத ஒரு பார்வை இருக்க முடியும் என்று, ஒயர் கழன்ற அந்த மதியம் வரை நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நான் நல்லவளா என்று அவளுக்குத் தெரியாது. என் கோடு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதில் மட்டும் அவளுக்கு அக்கறை. ஒரு மனுஷிக்கே இது முடிகிறது என்றால்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் பிரசங்கம் ஆகிவிடும் என்று என் தங்கை சொன்னாள். அவள் பள்ளி ஆசிரியை. நான் எழுதுவதை முதலில் படிப்பவள். சிவப்பு மை இல்லாமல் எதையும் படிக்கத் தெரியாதவள்.]

அந்தப் பெண்ணை நேரில் பார்க்க அனுமதிக்கவில்லை. ஆகவே அவளை நானே உண்டாக்க வேண்டியிருந்தது. நடுவயது. தடித்த கண்ணாடி. கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லோரும் விசுவாசிகள். ஆனால் அந்த வீட்டிலேயே சத்தமில்லாமல் ஜெபம் பண்ணுகிறவள் இவள் ஒருத்திதான். கண் சிமிட்டாமல் பார்ப்பதால் வார்டு நர்ஸுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஆந்தை. முகத்துக்கு நேராகவே ‘ஆந்தையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

“போயும் போயும் ஒரு விசுவாசிக்கு ஆந்தைன்னா பேர் வைப்பே?” என்றாள் தங்கை.

“நான் வைக்கல. நர்ஸுங்க வெச்சாங்க.”

“அந்த நர்ஸுங்களையும் நீதானே வெச்சே.”

எழுதுகிறவர் தன்னைக் கடவுள் இடத்தில் வைத்துக்கொண்டு விளையாடும் கதைகள் நிறைய உண்டு. எனக்கு அந்த ஆசை இல்லை. இந்தக் கதையில் எனக்கு அதிகபட்சம் அந்த அறையில் இருக்கும் தொலைபேசியின் இடம்தான்.

3

ஆந்தையின் வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

ஒரு சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொரு திரையிலும் ஒரு படுக்கை எண், அதன் கீழே பச்சைக் கோடு. நோயாளியின் கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டி அவருடைய இதயத் துடிப்பை அங்கே அனுப்புகிறது. ஆந்தை பார்க்க வேண்டும். ஏதாவது தவறினால் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். அந்த அறையை விட்டு அவள் வெளியே போகக் கூடாது, எவரையும் தொடக் கூடாது. யாருக்கு என்ன ஆனாலும், தன் பிள்ளைக்கே ஆனாலும், அவளால் முடிவது இரண்டு காரியங்கள்: கண்ணை எடுக்காமல் இருப்பது, கூப்பிடுவது.

கருவிகளே அலாரம் அடிக்குமே என்று கேட்கலாம். அடிக்கும். நோயாளி தும்மினால் அடிக்கும், சீப்பு எடுத்துத் தலை வாரினால் அடிக்கும். எந்த அலாரத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிவதுதான் அவள் வேலை. நாளாக ஆக, கோடு பார்த்தே ஆளைச் சொல்வாள். ஒவ்வொரு இதயத்துக்கும் ஒரு நடை உண்டு என்பாள்; வாசலில் செருப்புச் சத்தம் கேட்டே வருவது யாரென்று நாம் கண்டுபிடிப்பதில்லையா, அது மாதிரி.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருவருடைய கோடு நின்றுபோய், வார்டில் டாக்டர் கையை எடுத்துவிட்ட பிறகு, போனில் ‘அக்கா, முடிஞ்சுது, ஆஃப் பண்ணிடுங்க’ என்று சொல்வார்கள். அவள் உடனே அணைக்க மாட்டாள். நேராகக் கிடக்கும் அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிழைக்கும் என்கிற நம்பிக்கையால் இல்லை. எல்லோரும் கண்ணை எடுத்துவிட்ட அந்த நேரத்தில் தானும் எடுத்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றும். அப்படிப் பார்க்கும்போது சில நாட்களில் அறையில் தான் தனியாகப் பார்க்கவில்லை என்று தோன்றும். தோளுக்குப் பின்னால் இன்னொரு பார்வை அதே கோட்டின் மேல் இருக்கிறது. அது அவளுக்கு முன்பே அங்கே இருந்தது. அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயே இருக்கும். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வந்ததில்லை.

(இதை எழுதும்போது நானும் திரும்பிப் பார்க்கவில்லை.)

4

அந்த வாரம் ஏழாம் படுக்கையில் இருந்தவர் அவளுடைய கணவரின் அண்ணன். அவள் அத்தான் என்று கூப்பிடுவாள். சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பதினோராம் படுக்கையில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். அவரும் அவர் மனைவியும் அதே சபைக்கு அண்மையில் வரத் தொடங்கியவர்கள், பின் வரிசையில் உட்காருகிறவர்கள். ஆந்தைக்கு அவர்களை முகம் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குத்தான் பழக்கம்.

காலையில் நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிடுவார்கள். அப்போது பெட்டிகளைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து, துடைத்து முடித்ததும் மறுபடி மாட்டுவார்கள். ஒரு தட்டில் ஒரு பெட்டி என்பது விதி. அன்று ஆள் குறைவு. ஏழின் பெட்டியும் பதினொன்றின் பெட்டியும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. ஒரே மாதிரிப் பெட்டிகள், ஒரே மாதிரித் துணிப்பைகள். மாற்றி மாட்டிவிட்டார்கள்.

ஆந்தை பார்த்தாள். ஏழின் நடை இன்றைக்கு வேறு மாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். தண்ணீர் பட்டால் எல்லோருக்கும் கொஞ்சம் மாறும் என்று விட்டுவிட்டாள். பின்னால் விசாரணையில் யாரும் கேட்பதற்கு முன் அவளே இதைச் சொன்னாள்.

காலை உணவு போன பிறகு, ஏழாம் திரையில் கோடு கிறுக்கலாகியது. பிறகு நேராகியது. ஒயர் கழன்றால் கோடு சுத்தமாக, திடீரென்று நேராகும். இது நடுங்கி, நடுங்கி விழுந்தது. அவள் போனை எடுத்து, “ஏழு. உடனே போங்க,” என்றாள். குரல் உயரவில்லை. அத்தான் என்று அவளுக்குத் தெரியும். அதே நேரத்தில் ஓரத்தில் பதினொன்றின் கோடும் கன்னாபின்னாவென்று ஓடிக்கொண்டிருந்தது. ‘இருங்க ஐயா, உங்ககிட்ட அப்புறம் வரேன்’ என்று மனசுக்குள் சொன்னாள்.

போன் வைக்கப்படவில்லை. வார்டில் ஓடும் காலடிகள் அதில் கேட்டன. அவள் எழுந்து நின்றுகொண்டாள். ஏழாம் திரையின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் திரையைத் தொட்டதில்லை. “இயேசப்பா, அவர விட்டுடாதீங்க. இயேசப்பா, அவர விட்டுடாதீங்க,” என்று அவள் சொல்வது அவளுக்கே வேறு யாரோ சொல்வது போலக் கேட்டது. மூக்குக்கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டால் பார்வை ஒரு நொடி மறையும் என்று துடைக்கவில்லை.

நர்ஸ் ஏழாம் படுக்கைக்குப் போனபோது அத்தானின் உதடுகள் நீலமாகியிருந்தன. ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்திருந்தது. கூப்பிடும் மணியின் கயிறு கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. குரலும் இல்லை, மணியும் இல்லை. தட்டி, அழுத்தி, வெளியே எடுத்தார்கள். போனில் இருமல் சத்தம் கேட்டது. அத்தானின் இருமல். பாடுவதற்கு முன் அவர் தொண்டையைச் செருமுவதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டவள் அவள்.

“அக்கா, வந்துட்டாரு,” என்றாள் நர்ஸ். மூச்சு வாங்கியது. “ரொட்டி அடைச்சிருந்துச்சு. நல்லாதான் இருமுறாரு.”

ஆந்தை திரையைப் பார்த்தாள். கோடு நேராகவே கிடந்தது.

“இல்லம்மா. இங்க ஓடல.”

“என் முன்னாடி உக்காந்திருக்காருக்கா.”

ஆந்தை திரையில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தாள்.

“அப்போ இது யாரு?” என்றாள் ஆந்தை.

[இந்தக் கேள்வியை எழுதிய நாளில் நான் மேற்கொண்டு எழுதவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவர் சட்டைக்குள்ளும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.]

இருமலுக்கு ஏற்றபடி எந்தத் திரை குதிக்கிறது என்று அவள் பார்த்தாள். பதினொன்று. “பதினொண்ணுக்குப் போங்க,” என்றாள். ஓடினார்கள். வெகுநேரம் முயன்றார்கள். கோடு எழவில்லை. டாக்டர் கையை எடுத்ததும் நர்ஸ் போனில் சொன்னாள். ஆந்தை அணைக்கவில்லை. உள்ளங்கை இன்னும் கண்ணாடி மேலேயே இருந்தது.

5

“ரெண்டு பேரையும் பிழைக்க வை,” என்றாள் தங்கை. “உனக்கு என்ன குறைஞ்சிடும்? மை தானே.”

வைத்துப் பார்த்தேன். பதினோராம் படுக்கைக்கு நர்ஸைச் சற்று முன்னதாக அனுப்பினேன். கோடு எழுந்தது. டிரைவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அத்தான் ஒரு பாட்டு

அதோடு கதை படுத்துவிட்டது. படித்துப் பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுத்தாள் மாதிரி இருந்தது. அதில் எழுதியிருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. பிழைக்கிறவர்கள் உண்டு, நானே பிழைத்து வந்தவள்தான். ஆனால் நான் படுத்திருந்த வார்டில் எதிர்ப் படுக்கைக்காரர் ஒருவர் இருந்தார். சாயங்காலங்களில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் ஜெபிப்பது கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நாளைய வேலையைப் பேசுவது போலப் பேசுவார். ஒரு காலையில் அந்தப் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தது. அவர் கழுத்திலும் ஒரு பெட்டி தொங்கியது. அவரையும் அந்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்டது என்னவென்றால்: பார்க்கப்பட்டவள் நான் ஒருத்திதானா? பிழைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பார்வையா? அப்படியென்றால் அன்று மதியம் எனக்குள் வந்த அந்தப் பெரிய அமைதியை நான் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அதில் உரிமை இல்லை. எதிர்ப் படுக்கைக்காரருக்கும் அது உண்டு என்றால்தான் எனக்கும் உண்டு.

தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, “சரி. டிரைவரைச் சாகவிடு. ஆனா அவர் சம்சாரத்த அம்போன்னு விட்டுடாத,” என்றாள்.

6

அத்தான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது. சுற்றவிட்டவர் அவர் மனைவி, ஆந்தையின் ஓரகத்தி. நல்ல மனுஷி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பவர். ஆனால் அவர் போனில் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அது வைக்கும்போது வேறாகிவிடும். முதலில் பெட்டி தவறுதலாக மாறியது. பிறகு ஆண்டவர் மாற்றினார். அடுத்த போனில், வெள்ளை உடுப்புப் போட்ட முன்பின் தெரியாத ஒருவர் வந்து மாற்றிவிட்டுப் போனதை வார்டே பார்த்தது.

“அக்கா, அது நம்ம அட்டெண்டர்,” என்றாள் ஆந்தை. “எனக்கு நல்லாத் தெரியும்.”

“அவருக்குள்ள யார் இருந்தான்னு உனக்குத் தெரியுமா?”

 ஆந்தைக்கு அது உண்மையிலேயே தெரியாது.

வரும் ஞாயிறு சபையில் நன்றி ஆராதனை என்று முடிவாயிற்று. பாஸ்டரும் சொல்லிவிட்டார்: ஆந்தைதான் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தம் பிள்ளையை எப்படிக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள்தானே. பெட்டி மாறியிருக்காவிட்டால் நர்ஸ் ஏழாம் படுக்கைக்கு ஓடியிருக்க மாட்டாள். ஓடியிருக்காவிட்டால் அத்தான் இல்லை. இதில் எந்த இடத்திலும் ஒரு பொய்யும் கிடையாது. பதினோராம் படுக்கையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

ஒரு முடிவு இது. எழுதிப் பார்க்கிறேன்:

அவள் படியேறினாள். ஒலிவாங்கியின் உயரத்தைச் சரி செய்தார்கள். முன் வரிசையில் அத்தான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்,” என்று தொடங்கினாள். “அன்னிக்குக் காலையில ஏழாம் திரையில நான் பாத்தது” என்று சொல்லும்போது பின் வரிசையில்

முடியவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் மனைவியை நான் கடந்து போக வேண்டியிருக்கிறது. என் பேனாவுக்கு அவ்வளவு கால் வலு இல்லை.

[ஆந்தை மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. இவள் தயங்குவது குற்ற உணர்ச்சியாலா? நடை மாறியதைப் பார்த்தும் விட்டுவிட்டோம் என்று தன்னைத் தானே அடித்துக்கொள்கிறாளா? அப்படியென்றால் இது வேறு கதை. ஆகவே அவளை டிரைவர் வீட்டுக்கு அனுப்பினேன். அவளே போயிருப்பாள் என்றும் தோன்றுகிறது.]

7

டிரைவரின் மனைவி வீட்டில் இருந்தபடியே பள்ளிச் சீருடை தைப்பவர். ஆந்தை போனபோது தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமலே, உட்காரச் சொல்லித் தலையசைத்தார். மருத்துவமனையிலிருந்து பெரிய டாக்டரே வந்து பெட்டி மாறியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். உடனே ஓடியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தார். ஆகவே புதிதாகச் சொல்வதற்கு ஆந்தையிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள், தான் நடையைப் பார்த்தும் விட்டுவிட்டதையும் சேர்த்து. எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நீல நிறப் பாவாடை ஒன்று மடிப்பு மடிப்பாகக் கீழே இறங்கியது.

“நான் ஃப்ளாஸ்க் கழுவப் போயிருந்தேன்,” என்றார் அந்தப் பெண். “அதுதாம்மா எனக்கு உறுத்துது. அவர் தனியாப் போனாரா? அத மட்டும் சொல்லுங்க.”

“இல்லக்கா. நான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நீங்க உங்க அத்தானையில்ல பாத்துக்கிட்டிருந்தீங்க.”

“அத்தான்னு நெனச்சுக்கிட்டு இவரப் பாத்துக்கிட்டிருந்தேன். ஜெபம் பண்ணுனதும் அத்தானுக்குன்னுதான் பண்ணினேன். ஆனா என் கை இவரு மேலதான் இருந்துச்சு. கோடு நிக்கிற வரைக்கும். நின்ன பிறகும்.”

எந்திரம் நின்றது.

“சொந்த அத்தானுக்குப் பண்ற மாதிரியேவா பண்ணுனீங்க?”

“ஆமாக்கா.”

“அழுதீங்களா?”

“அழுதேன்.”

அந்தப் பெண் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் எடுத்து வைத்து இரண்டு கைகளாலும் நீவினார். ஆந்தையின் பக்கம் திரும்பவில்லை.

“அவருக்கு அப்பா அம்மா கிடையாது. கூடப் பொறந்தவங்களும் இல்ல. எனக்கு ஏதாச்சும்னா எனக்காக அழ நீ ஒருத்திதான்னு சொல்வாரு. அந்த நேரத்துல நானும் இல்லாமப் போயிட்டேன்னு நெனச்சேன்.” துணியின் ஓரத்தில் தொங்கிய நூலை அறுத்தார். “ஆண்டவர் ஆள் அனுப்பியிருக்காரு.”

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். இந்த வாக்கியம் என்னுடையது இல்லை. நான் அந்தப் பெண்ணுக்கு வேறு எழுதி வைத்திருந்தேன்: கோபமான இரண்டு வரிகள், அவை நியாயமானவையும்கூட. அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தி ஒருவர் பெயரைச் சொல்லி அழுது ஜெபிக்கிறாள். அவள் கை இன்னொருவருடைய இதயத்தின் மேல் இருக்கிறது. அந்த ஜெபம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஜெபத்தைக் கேட்ட ஆண்டவருக்குப் படுக்கை எண் தேவையில்லை. பெட்டி எந்தக் கழுத்தில் தொங்கினால் அவருக்கு என்ன? ‘அவர விட்டுடாதீங்க’ என்று அவள் கெஞ்சியபோது, சொந்தத் தம்பி மனைவியின் கண்ணீரோடு ஓர் அனாதை மனிதர் பார்க்கப்பட்டார். அதே நேரத்தில், யாரும் பார்க்காத அத்தானுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இங்கே விடப்பட்டார், ஒருவர் எடுத்துக்கொள்ளப்பட்டார். அந்தப் பார்வை விட்டுவிட்டவர் என்று ஒருவரும் இல்லை.

எனக்கு இதன் கணக்கு புரியவில்லை. ஏன் இவர், ஏன் அவர் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் மெல்ல எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்தப் பார்வையின் அகலம் மட்டும் அன்று ஒரு நொடி தெரிந்தது. மலையை மிக அருகில் நின்று அண்ணாந்து பார்ப்பவளுக்கு மலை தெரியாது, நிழல் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. அதுவே உடம்பு சிலிர்க்கப் போதுமானதாக இருந்தது.

[தங்கை இந்தப் பத்திக்குப் பக்கத்தில் எதுவும் குறிக்கவில்லை. சிவப்பு மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.]

புறப்படும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்தார். “ஞாயித்துக்கிழமை நீங்க பேசப்போறீங்களாமே,” என்றார். “பேசுங்கம்மா. நான் வருவேன். நடுவுல எழுந்து போகமாட்டேன்.”

8

சனிக்கிழமை சாயங்காலம் ஓரகத்தி வீட்டில் எல்லா வேலையும் நடந்துகொண்டிருந்தது. நாற்காலிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, பூவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆந்தை சமையலறை வாசலில் நின்று தான் பேசப்போவதில்லை என்றாள். ஓரகத்தி முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு கூச்சம் என்று நினைத்தார். பிறகு கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டாப் போதும்னு சம்பளம் வாங்குறவ. வாயத் தொறக்கத் தனியாக் கேப்பே போலிருக்கு.”

ஆந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரகத்திக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். நன்றிகெட்டதனம் என்றார். பாஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். அந்த டிரைவர் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டாய், அந்த அம்மா ஏதாவது சொல்லித் திருப்பி விட்டாரா என்றார். இல்லை, பேசச் சொல்லித்தான் அனுப்பினார் என்று ஆந்தை சொன்னதும், “அவங்களே சொல்லிட்டாங்க, உனக்கு என்ன?” என்று ஓய்ந்துபோய்க் கேட்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அத்தான் அறையிலிருந்து வந்தார். அடைத்த ரொட்டியை எடுத்ததில் தொண்டை புண்ணாகியிருந்ததால் அவர் இனிப் பாட முடியுமா என்பது இன்னும் தெரியவில்லை. குரல் கரகரத்தது.

“நானே ஏறிச் சொல்லலாம்னா குரல் இல்லம்மா. அதான் உன்னக் கேக்குறேன். அதிகம் வேண்டாம். ஆண்டவர் என்னப் பாத்தாருன்னு ஒரு வார்த்தை.”

“உங்களப் பாத்தாரு அத்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

“அதையே அங்க சொல்லு.”

இந்த இடத்தில் ஆந்தைக்காக நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். [அத்தான், நான் பார்த்தது இரண்டு பேரை. ஒருவரைச் சொல்லி மற்றவரை விட்டால் நான் பார்த்ததில் பாதியை மறைத்தவளாவேன். பார்த்தவர் அப்படிப் பார்க்கவில்லையே; அவர்] என்று போகும் அந்தப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. தங்கை படித்துவிட்டு அழுதாள். ஆந்தை அதைத் தொடவில்லை. அத்தானுக்கு எதிரே நின்று, அவர் மூச்சு விடும்போது சட்டைப் பை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் நானும் கெஞ்சினேன். வாசிக்கிற உங்களுக்காகத்தான். இவ்வளவு தூரம் கூட வந்தீர்களே, ஏன் என்று ஒரு வரியாவது உங்களுக்குச் சொல்லட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதப்போவதில்லை. யார் படியேறினார்கள், பின் வரிசையில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஆனால் சனிக்கிழமையை முடித்தாக வேண்டும். ஒரு வரி போதும் என்றேன்.

அவள் அத்தானுக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வேண்டாம் அத்தான்,” என்றாள், மெதுவாக. “நான் சொல்லல.”